பேசும் ரெக்கார்டர்



பாட்டும் பேச்சும் காதுக்கானவை. அவற்றைப் பதிவு செய்யும் கருவியை இயக்க மட்டும் கண் எதற்கு? பிப்ரவரி 13 உலக வானொலி நாள். அது வருகிற மாதத்தில் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமே என்று தோன்றியது.

கேசட் ரெக்கார்டர் காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். பதிவு ஓடுகிறது என்பது விரலுக்கே தெரிந்துவிடும். வானொலி நிலையங்களில் ஸ்பூல் டேப்பை எடிட் செய்தவர்களும் சக்கரங்களைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, வேண்டாத சொல் தொடங்கும் இடத்தைக் காதால்தான் பிடித்தார்கள். பிறகு பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். பார்வையற்றவர்களை மனத்தில் வைத்து யாரும் அவற்றைச் செய்யவில்லை. தற்செயலாக அப்படி அமைந்துவிட்டன.

பிறகு ரெக்கார்டர் சட்டைப்பைக்குள் சுருங்கியது. பட்டன்கள் குறைந்தன, மெனு வந்தது, மெனு திரைக்குள் இருந்தது. 'கீழே மூன்று தடவை, வலதுபக்கம் ஒரு தடவை, அப்புறம் ஓகே' என்று மனப்பாடம் செய்து இயக்கிய பார்வையற்ற கலைஞர்கள் உண்டு. நடுவில் ஒரு அழுத்தல் பிசகினால் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. கச்சேரி முழுக்க முடிந்த பிறகுதான் ஒன்றும் பதிவாகவில்லை என்பது புரியும். இதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மெனுவைக் குரலில் சொல்லும் சில பேசும் ரெக்கார்டர்களை ஒலிம்பஸ் நிறுவனம் முன்பே விற்றது. அவை பெரும்பாலும் பேச்சைக் குறித்துக்கொள்வதற்கானவை. இசைக்காரர்கள் பயன்படுத்தும் தரத்தில் அந்த வசதி பரவலாகக் கிடைத்தது அண்மையில்தான். ஜப்பானைச் சேர்ந்த ஜூம் நிறுவனம் (வீடியோ கூட்டம் நடத்தும் ஜூம் அல்ல, இது வேறு) 2024இல் எச்1, எச்4, எச்6 எசென்ஷியல் என்று மூன்று ரெக்கார்டர்களைக் கொண்டுவந்தது. மூன்றும் பேசும். மெனுவில் நகர நகர, எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று குரல் சொல்லிக்கொண்டே வரும். சிறியதான எச்1 உள்ளங்கையில் அடங்கும், இரண்டு டிரிபிள்-ஏ பேட்டரியில் ஓடும்.

அதே கருவிகளில் இன்னொரு வசதியும் இருக்கிறது: 32 பிட் ஃப்ளோட் என்ற பதிவு முறை. பதிவில் பார்வையற்றவர்களைப் படுத்தியது மெனு மட்டுமல்ல, லெவல் மீட்டரும்தான். தவில் திடீரென்று முழங்கும்போது முள் சிவப்பைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டுவிட்டால் ஒலி உடைந்துவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. இந்த ரெக்கார்டர்களுக்குள் மெல்லிய ஒலிக்கு ஒன்று, பலத்த ஒலிக்கு ஒன்று என ஒலியை டிஜிட்டலாக்கும் இரண்டு மாற்றிகள் வேலை செய்கின்றன. முன்கூட்டி லெவல் வைக்கத் தேவையில்லை. எகிறிப் பதிவானதையும் பிறகு கணினியில் இறக்கிக்கொள்ளலாம். மைக்கே தாங்காத அளவு சத்தம் என்றால் மட்டும் இதுவும் கைவிடும். வேடிக்கை என்னவென்றால், இதுவும் பார்வையற்றவர்களுக்கென்று உருவானதல்ல.

அவர்களே செய்துகொண்டது வேறொன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே இருவருக்கும் பார்வையில்லை. கணினித் திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளை 2006இல் கரன் தொடங்கினார், டே சேர்ந்துகொண்டார், இலவசமாகவே தந்தார்கள். அதோடு நிற்காமல், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளைப் பேசவைக்கும் ஒசாரா என்ற இணைப்பையும் ஜேம்ஸ் டே தொடங்கிவைத்தார். எந்த டிராக்கில் இருக்கிறோம், எத்தனையாவது நொடியில் நிற்கிறோம் என்று ஒசாரா சொல்லும். லெவல் எல்லை மீறினால் எச்சரிக்கும். திரையில் மற்றவர்கள் அலையாகப் பார்ப்பதைப் பார்வையற்றவர்கள் சொல்லாகக் கேட்கிறார்கள். ஒரு காதில் பாட்டு, மறு காதில் கணினியின் குரல் என்று வேலை செய்பவர்களும் உண்டு. அந்தக் குரலை அவர்கள் வைத்துக்கொள்ளும் வேகத்தில் நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாது.

கலைஞர்களாலும் கருவிகள் மாறியிருக்கின்றன. அச்சுப் புத்தகத்தை வாசித்துக் காட்டும் இயந்திரத்தை 1976இல் ரே கர்ஸ்வைல் வெளியிட்டபோது, அதை முதலில் வாங்கியவர் பார்வையற்ற பாடகர் ஸ்டீவி வொண்டர். அப்போது தொடங்கிய நட்பில்தான் பின்னாளில் கர்ஸ்வைலின் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியே பிறந்தது.

நமக்கு ஒரு குறை இருக்கிறது. என்விடிஏ தமிழில் பேசும், கொஞ்சம் இயந்திரக் குரல்தான் என்றாலும். ஆனால் ஜூம் ரெக்கார்டர் பேசும் மொழிகளில் தமிழ் இல்லை. ஆங்கிலம் சரளமாக வராத ஒரு நாட்டுப்புறப் பாடகருக்கு அந்தக் குரல் பாதி உதவிதான். கேட்டால் செய்யக்கூடிய வேலை இது, கேட்பவர்கள் போதவில்லை.

பள்ளிக்கோ சமுதாய வானொலிக்கோ ரெக்கார்டர் வாங்கப் போகிறவர்கள், பணம் கட்டுமுன் கண்ணை மூடிக்கொண்டு அதை ஆன் செய்து, ஒரு நிமிடம் பதிவு செய்து, திரும்பப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். முடியவில்லையென்றால் கடைக்காரரிடம் வேறு மாடல் கேளுங்கள்.

வாசகர்களில் பார்வையற்ற இசைக்கலைஞர்களும் அறிவிப்பாளர்களும் இருப்பீர்கள். எந்தக் கருவி கைக்கு ஒத்துவருகிறது, எது படுத்துகிறது என்று எங்களுக்குத் தெரிவியுங்கள். எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை, குரலில் பதிவு செய்து அனுப்பினாலும் போதும். நாங்கள் கேட்டு எழுதி வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்