பழைய காரும் மூன்றாமவர் வாரண்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தயாரித்த கம்பெனியோ விற்ற வியாபாரியோ அல்லாத மூன்றாமவர் ஒருவர் பழைய காருக்கு விற்கும் வாரண்டியில், இஞ்சினும் கியர்பாக்ஸும் முகப்பில் கம்பீரமாக அச்சிடப்பட்டிருக்க, அன்றாடம் பழுதுபடும் கிளச் பிளேட், பிரேக் பேட், பாட்டரி முதலியவை தேய்மானம் என்றும், மற்றவை வாங்குமுன்பே இருந்த குறை என்றும் உட்பக்கத்தில் விலக்கப்படுவது சர்வசாதாரணம். ஆதலின் அவ்வாரண்டிக்குச் செலுத்தும் தொகையில் ஒரு பகுதியை நம்பகமான மெக்கானிக்குக்குக் கொடுத்து முன்கூட்டியே வண்டியைப் பரிசோதிக்கச் செய்வதே விவேகம் என்பது என் அபிப்பிராயம். ரிப்பேர்ச் செலவு மிகும் ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கு மட்டும் அத்தகைய வாரண்டி ஒருவேளை பிரயோஜனப்படலாம். தகராறு நேர்ந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாமாயினும், பணம் தரப் பொறுப்பேற்பவர் யார், உச்சவரம்பு எவ்வளவு என்பவற்றைக் கையொப்பத்துக்கு முன்பே எழுத்தில் பெறுதல் அவசியம்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்