காவலர்களின் சிரிப்பு

சிவகிரியில் பேருந்துகள் நின்று புறப்படும் இடத்தில் எலுமிச்சம்பழம் விற்கும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். தென்காசியிலிருந்து மதுரைக்குப் போகும் வண்டிகள் அங்கே நிற்கும் இரண்டொரு நிமிடங்களே அவருடைய சந்தை. ஒருநாள் மாலை இளைஞர் இருவர் அவரிடம் வந்தனர். ஒருவர் விலை கேட்டுப் பேச்சுக் கொடுக்க, மற்றவர் பின்புறமாக வந்து ரப்பர்ப் பாம்பு ஒன்றைக் கூடைக்குள் போட்டார். மூதாட்டி அலறிப் பின்வாங்கினார், கால் இடறி விழுந்தார், சேலை விலகியது, பழங்கள் சாலையெங்கும் உருண்டன. சற்றுத் தள்ளி நின்ற மூன்றாமவர் அத்தனையையும் கைபேசியில் பதிவு செய்துகொண்டிருந்தார். பின்னர் மூவருமாகப் பழங்களைப் பொறுக்கிப் போட்டு, நூறு ரூபாய்த் தாள் ஒன்றை அவர் கையில் திணித்து, "சும்மா தமாசுக்குத்தான், ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் இரவு பதினொரு மணிக்கு அந்தக் காட்சி வாட்ஸ்அப் வழியாக நமக்கும் வந்து சேர்ந்தது. பார்த்தோம். பார்த்தவுடன் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகே கூடையை அடையாளம் கண்டோம்; அடுத்துச் சேலையை; அதற்கும் அடுத்து முகத்தை. பல ஆண்டுகளாக நாம் பழம் வாங்கி வருகிற அதே ஆச்சி. சிரிப்பு முந்திக்கொண்டது, மனிதர் பின்னால் வந்து சேர்ந்தார். இந்த வரிசையைக் குறித்தே இங்கு வழக்காட விரும்புகிறோம்.

காட்சிக்குக் கீழே பலர் கருத்து எழுதியிருந்தனர். ஆச்சியின் நடிப்புக்கு விருது தரலாம் என்றார் ஒருவர். விழுந்த விதத்தைத் திரைப்பட நகைச்சுவை நடிகர் ஒருவரோடு ஒப்பிட்டார் மற்றொருவர். சிரிக்கும் முகக்குறிகளை வரிசையாக இட்டவர் எண்ணற்றோர். அடிபட்டதா என்று கேட்டவர் எவரேனும் உண்டா எனத் தேடினோம், காணவில்லை. எழுதியவர்கள் கொடியவர்கள் அல்லர். பகலில் அந்த மூதாட்டி சாலையைக் கடக்கத் தடுமாறினால் கைபிடித்து அழைத்துப் போகக்கூடியவர்கள்தாம். சிலரை ஞாயிறு திருப்பலியில் நாம் சந்திக்கிறோம். அவர்களுடைய வாதம் ஒன்றே ஒன்று: "நாள் முழுதும் உழைத்துக் களைத்து வருகிறோம், படுக்கப் போகும்முன் பத்து நிமிடம் எதையாவது பார்த்துச் சிரிக்கக் கூடாதா? வெறும் பொழுதுபோக்குதானே!"

சிரிக்கலாம், தாராளமாகச் சிரிக்கலாம். இரவுப் பொழுதுபோக்கு இந்த மண்ணுக்குப் புதியதன்று. நெல்லைச் சீமையின் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு தொடங்குவதே ஊர் உண்டு முடித்த பிறகுதான். முத்துப்பட்டன் கதை விடிய விடியப் பாடப்படும். அந்தணர் குலத்தில் பிறந்தவன் தோல் தொழில் செய்யும் குலத்துச் சகோதரியர் இருவரை மணந்து, மாடுகளைக் காக்கப் போராடி மடிந்த கதை அது. பாட்டின் இடையிடையே நகைச்சுவை வரும். யார் மீது? சாதிச் செருக்கின் மீது. மாமனார் வீட்டில் தோல் பதனிடக் கற்றுக்கொள்ளும் மருமகனின் தடுமாற்றத்தின் மீது. குமரி மாவட்டத்துத் தோற்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இராமாயணக் கதைக்கு நடுவே நுழைந்து ஊர் நடப்பையெல்லாம் வம்புக்கு இழுப்பார்கள். 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' திரைப்படத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நடத்திய கிந்தனார் காலட்சேபத்தை நம்மில் முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் கல்வி பெற்று உயரும் கதை. சிரித்தவர்கள் அந்தச் சிறுவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவனை எட்ட நிறுத்தியவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பழையன எல்லாம் பொன் என்று சொல்ல நாம் வரவில்லை. கரகாட்ட மேடைகளில் குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் நடந்தது என்ன என்பது ஊரறிந்தது. ஓர் எளிய சமூகத்தை இழிவுபடுத்தும் அந்த ஆட்டத்தைத் தமிழக அரசு 2023-இல் தடை செய்தது. அதற்கு அவ்வளவு காலம் ஆனதே வெட்கக்கேடு. ஆயினும் அன்றைய மேடைக்கு ஒரு காவல் இருந்தது. கேலி செய்தவன் விளக்கு வெளிச்சத்தில் முகம் காட்டி நின்றான். வரம்பு மீறினால் கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் எழுந்து நிறுத்தச் சொல்லுவார். கேலிக்கு உள்ளானவன் அதே ஊரில் இருந்தான். மறுநாள் கிணற்றடியில் அவன் முகத்தில் விழித்தாக வேண்டும்.

அந்த மேடையின் நேரத்துக்கும் எல்லை வந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலங்களில் ஆண்டுக்குச் சில நாள் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம், அவ்வளவே. நோயாளிக்கும் மாணவருக்கும் நன்மை செய்யும் விதிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் வில்லிசைக்குப் பத்து மணி வைத்த நாடு கைபேசிக்கு எந்த மணியும் வைக்கவில்லை. ஊர் கூடிச் சிரித்த இடத்தில் விளக்கணைத்தோம்; தனித்தனியே போர்வைக்குள் சிரிக்கும் விளக்கை ஏற்றிக்கொண்டோம்.

இந்த மாற்றம் ஒரே நாளில் நேர்ந்ததன்று. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடிய காலம் இருந்தது. 1993-இல் சன் தொலைக்காட்சி வந்தது. தனியார் அலைவரிசைகள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. 2006-க்குப் பின் அரசே வீடுதோறும் வண்ணத் தொலைக்காட்சி வழங்கியது. தெரு வீடாகச் சுருங்கிற்று. 2016-இல் ஜியோ வந்து இணையம் மலிவானபின் வீடும் உள்ளங்கையாகச் சுருங்கிற்று. பார்ப்பவர் தனியரானார். தனியர் சிரிப்பைத் தட்டிக் கேட்பார் இல்லை.

எளியோரின் துயரைச் சரக்காக்கும் வித்தையை நமக்குக் கற்பித்தது தொலைக்காட்சியே. ஜீ தமிழில் 2011 முதல் ஒளிபரப்பான 'சொல்வதெல்லாம் உண்மை' நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போக வழியற்ற குடும்பங்கள் விளக்குகளுக்கு முன் வந்து அழுதன. நியாயம் கிடைக்கும் என்று நம்பி வந்த சிலருக்கு உதவியும் கிடைத்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் நிகழ்ச்சி நடத்தியவர் சலிப்போடு சொன்ன ஒரு வாக்கியத்தை நாடே பிடித்துக்கொண்டது. அதை நகைச்சுவை நிகழ்ச்சிகள் போலி செய்தன. 2016-இல் வந்த 'ரஜினி முருகன்' படத்தில் அது பாட்டாகவும் ஆயிற்று. பள்ளிப் பிள்ளைகள் பாடிக்கொண்டு திரிந்தார்கள். எந்தக் குடும்பத்தின் எந்தக் கண்ணீருக்கு எதிரே அச்சொல் பிறந்தது என்று கேட்டவர் யார்? 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது. நள்ளிரவு மருத்துவ ஆலோசனை நிகழ்ச்சிகளுக்கு நடந்ததும் இதுவே. வெளியே சொல்லக் கூசும் வேதனையோடு தொலைபேசியில் அழைத்தவரின் தழுதழுத்த குரல் வெட்டியெடுக்கப்பட்டு, மறுநாள் தேநீர்க் கடையில் சிரிப்புக்கு உதவியது.

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்குவோரும் உண்டு. 2019 ஏப்ரல் 3 அன்று அதே மதுரைக் கிளை டிக்டாக் செயலி குறித்துப் பிறப்பித்த ஆணையில், ஒருவரை அவர் அறியாமல் ஏமாற்றிக் கேலிப்பொருளாக்குவது அவருடைய தனியுரிமையை மீறுவதாகும் என்று தெளிவாகவே சொன்னது. அதே மாதத்தில் தடை நீங்கியது. 2020 சூன் 29 அன்று நடுவண் அரசு வேறு காரணங்களுக்காக அந்தச் செயலியைத் தடை செய்தது. விளைவு? குறுங்காணொளிகள் யூடியூபுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் குடிபெயர்ந்தன. 2021 சனவரியில் சென்னைக் கடற்கரையில் எடுத்த பேட்டி ஒன்றால் இழிவான கருத்துகளுக்கு ஆளானதாக ஒரு பெண் புகார் அளித்ததன்பேரில் மூவர் கைதாயினர். பேட்டி எடுத்தவர்கள் மூவர். பல இலட்சம் முறை பார்த்தவர்களும், கீழே எழுதியவர்களும் யார்? சட்டத்தின் கை அவர்களைத் தொடுவதில்லை. அவர்கள் நாமே.

"பணம் கொடுத்துவிட்டார்களே, அந்த அம்மாளும் வாங்கிக்கொண்டாரே" என்பது அடுத்த வாதம். இதைவிடக் கசப்பான வாதத்தை நாம் கேட்டதில்லை. பகல் முழுவதும் வெயிலில் நின்றால் கிடைக்கக்கூடிய வருவாயை ஒரு தாளாக நீட்டினால் ஏழை வாங்கத்தான் செய்வார். அது விழுந்ததற்கான கூலியா? அச்சத்துக்கு விலையா? ஊர்ப் பெருந்தனக்காரர் ஒருவரின் காரினுள் அந்த ரப்பர்ப் பாம்பைப் போட்டுவிட்டு நூறு ரூபாயை நீட்டிப் பார்க்கட்டும்! போடமாட்டார்கள். யாரிடம் விளையாடலாம், யாரிடம் கூடாது என்பது அந்த இளைஞர்களுக்கு நன்றாகத் தெரியும். பழைய பண்ணை முதலாளிகளுக்கும் அது தெரிந்திருந்தது.

லூக்கா நற்செய்தியின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் ஒரு நள்ளிரவுக் கேளிக்கை இருக்கிறது. நாம் அதை விரைந்து படித்துக் கடந்துவிடுகிறோம். இயேசு பிடிபட்டுவிட்டார், விசாரணை விடிந்த பிறகுதான். அதுவரை அவரைக் காத்திருக்கும் ஆள்களுக்கு வேலை ஒன்றும் இல்லை, தூக்கமும் கூடாது. ஆகவே ஒரு விளையாட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். அவர் கண்ணை மூடிவிட்டு அடிக்கிறார்கள். அடித்தது யார், இறைவாக்கினரே, சொல்லும் என்கிறார்கள். இப்படிச் செய்யுமாறு அவர்களுக்கு ஆணையிட்டவர் எவருமில்லை. கயபாவுக்கு ஓர் அரசியல் கணக்கு இருந்தது. பிலாத்துவுக்கு ஓர் அச்சம் இருந்தது. யூதாசுக்கு முப்பது வெள்ளிக்காசு இருந்தது. இந்தக் காவலர்களுக்கு இருந்தது சலிப்பு மட்டுமே. இரவைக் கழிக்க வேண்டும். கையில் ஒரு மனிதன் கிடைத்தான். நாளைக்கு அவர்களிடம் கேட்டிருந்தால், வெறும் பொழுதுபோக்குதானே என்றிருப்பார்கள்.

அந்த விளையாட்டின் விதியைக் கவனியுங்கள். அடிபடுகிறவர் அடிப்பவரைக் காணக் கூடாது. கண்டுவிட்டால் விளையாட்டு முடிந்தது. அந்தக் கண்களை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு கையோங்க எல்லாராலும் இயலாது. இன்று அந்தத் துணியை நாம் கட்ட வேண்டியதில்லை, திரையே கட்டிவிடுகிறது. புனைபெயர்க்குள் இருந்துகொண்டு நாம் ஒரு சொல் எறிகிறோம். எலுமிச்சம்பழம் விற்கும் ஆச்சிக்கு எறிந்தவர் யார் என்று தெரியாது. சிவகிரியில் பேருந்திலிருந்து இறங்கும் ஒவ்வொருவரையும் அவர் உற்றுப் பார்க்கிறார்: இவரும் பார்த்திருப்பாரோ?

நம் ஊர்களில் தவக்காலத்துப் பாஸ்கா நாடகம் விடியவிடிய நடந்தபோது, காவலர் வேடமிட்ட இளைஞர்கள் இக்காட்சியில் கூடுதலாகத் துள்ளிக் குதிப்பதுண்டு. முன்வரிசைச் சிறுவர்கள் சிரிப்பார்கள். உடனே பின்னாலிருந்து பாட்டிமார் மண்ணை வாரித் தூற்றி, பாவி மக்களா என்று ஏசுவார்கள். நாடகத்துக்கும் உண்மைக்கும் வேறுபாடு அறியாத பாமரத்தனம் என்று அன்று அதைக் கண்டு நகைத்தோம். அந்தப் பாட்டிமாருக்குத் தெரிந்திருந்த ஒன்று நமக்குத் தெரியாமல் போயிற்று.

2024 சூன் 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் உலகெங்குமிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானுக்கு அழைத்துப் பேசினார். ஜிம்மி ஃபாலன், ஸ்டீபன் கோல்பேர் போன்ற அமெரிக்க இரவுத் தொலைக்காட்சி நடத்துநர்களும் அதில் இருந்தனர். அவர் சிரிப்பைத் தடுக்கவில்லை. கடவுளைப் பார்த்துக்கூட, அன்புக்குரியவரோடு விளையாடுவதுபோல, சிரிக்கலாம் என்றார். நல்ல நகைச்சுவை எவருக்கும் எதிரானதாய் இராது, எவரையும் குறைபாட்டைக் காட்டித் தாழ்த்தாது என்பதே அவர் வைத்த வரம்பு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏடும், படைப்போருக்கு மட்டுமன்றிப் பார்ப்போருக்கும் கேட்போருக்கும் தனிக் கடமை உண்டென்று வலியுறுத்தியது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நம் மறையுரைகளில் இளைஞரின் கைபேசியைக் கண்டிக்கும் அளவுக்கு இந்தக் கடமையை எடுத்துச் சொல்லியிருக்கிறோமா?

இளைஞரைக் குற்றம் சாட்டும் தகுதியும் நமக்கு அத்தனை இல்லை. கிறிஸ்து பிறப்பு விழாவில் அரிசிப் பை வழங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? பையை நீட்டுகிறோம், வாங்க வந்தவர் கைகளை நீட்டுகிறார், படம் எடுப்பவர் இன்னும் ஆயத்தமாகவில்லை, நீட்டிய கைகளோடு அவரை நிறுத்திவைத்து, "இங்கே பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்கிறோம். படம் அன்றிரவே பங்குக் குழுவில் வலம் வருகிறது. கீழே கைகூப்பும் குறிகள் குவிகின்றன. ரப்பர்ப் பாம்பு இல்லை என்பது உண்மைதான்.

சில நாள் கழித்து அந்த ஆச்சியிடம் பழம் வாங்கப் போனோம். சில்லறைக்காகச் சட்டைப் பையில் கைவிட்டபோது கைபேசியும் சேர்ந்து வெளியே வந்தது. அவர் கூடையை இழுத்து அணைத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினார். "அத உள்ள வச்சிருங்கய்யா" என்றார். வைத்தோம். அந்த இரவில் நாமும் சிரித்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று எண்ணித்தான் போயிருந்தோம், வாய் வரவில்லை. எண்ணிக் கொடுத்த பழங்களுக்கு மேல் வழக்கம்போல ஒன்றைக் கொசுறாகப் போட்டார்.