மண் வெறும் தரையன்று

நிலம் குறைந்த நாட்டிற்கு மண்ணைப் பற்றிக் கவலை எதற்கு என்பார் உளர். அத்தகைய நாட்டிற்கே அக்கவலை மிகுதியாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர்க் காடுகளை அழித்துக் கேம்பியர் பயிரிட்டோர், மண் வலுவிழந்ததும் அதனைக் கைவிட்டு அகன்றனர். எஞ்சியது லாலாங் புல்லே. பொங்கோலின் பன்றிப் பண்ணைக் கழிவோ நீரை மாசுபடுத்தியது. 1984இல் அரசு பண்ணைகளை ஒழிக்க முடிவெடுத்தது. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் நிமிர்ந்து நிற்கின்றன. கழிவு அகன்றது, மண்ணோ சிமெண்டின்கீழ் மூச்சற்றுக் கிடக்கிறது. இதுவா மீட்சி?

ஓரங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் செல்லும். ஆகவே, அடித்தளம் தோண்டுமுன் மேல்மண்ணைத் தனியே எடுத்துக் காத்துப் பூங்காக்களில் பரப்புதல் வேண்டும். வெற்று நிலத்தைப் புல்லால் போர்த்துதல் வேண்டும். சமையற் கழிவை எருவாக்குதல் வேண்டும். கட்டடங்களை மட்டும் எண்ணி வளத்தை அளப்போர், கேம்பியர் தோட்டக்காரரின் பிழையையே மீண்டும் செய்கின்றனர்.