தாளிலே ஒரு ஜரிகை!

ஆரணித் தெருக்களிலே பழைய ஜரிகைப் புடவை கேட்டு வருவோரை அறியாதார் யார்? புடவை நைந்திருக்கும், சாயம் போயிருக்கும். ஆயினும் நம் தாய்மார் அதைக் குப்பையிலே வீசமாட்டார்கள். எடை போடு என்பார்கள், பேரம் பேசுவார்கள். நைந்த பட்டுக்குள்ளே வெள்ளி இருக்கிறது என்பதைத் தறிவீட்டுக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

புடவைக்குள் வெள்ளியைக் கண்ட நாம், தாளுக்குள் இருக்கும் நாரைக் காணத் தவறிவிட்டோமே!

படிப்பகத்திலே இருபது பேர் புரட்டிய ஏடு, மாலையிலே பஜ்ஜி மடிக்கப் போகிறது. அச்சு மையிலே நஞ்சு உண்டு, உணவை அதில் மடிக்காதீர் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லும் 2023-லும் எச்சரித்தது. உடலுக்கும் கேடு; எண்ணெய் ஊறிய அந்தத் தாள் மீண்டும் தாளாகும் தகுதியையும் இழக்கிறது!

பழைய தாளைக் கூழாக்கி, மையை நீக்கி, புதுத் தாள் செய்வது நேற்று வந்த வித்தையல்ல. ஜெர்மானிய அறிஞர் கிளாப்ரோத் 1774-லேயே அதைச் செய்து காட்டினார். ஒரே நாரை ஐந்தாறு முறை தாளாக்கலாம். பிறகு நார் குறுகிவிடும். புது நார் சேர்க்க வேண்டும். அதற்கும் காட்டையே வெட்டத் தேவையில்லை. தமிழக அரசு 1979-ல் நிறுவிய காகித நிறுவனம், கரூர் மாவட்டத்துப் புகளூரிலே கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்து காட்டியது.

தாள் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? அண்டையிலுள்ள இலங்கையைப் பாருங்கள். 2022 மார்ச்சிலே அந்நியச் செலாவணி வற்றியது, தாள் தட்டுப்பட்டது. 'தி ஐலண்ட்', 'திவயின' ஏடுகள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்த நேர்ந்தது. மேல் மாகாணத்திலே பள்ளித் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. வாளெடுத்து யாரும் பேனாவை முறிக்கவில்லை, தோழர்களே! தாள் இல்லை, ஏடு இல்லை. அவ்வளவுதான்!

இங்கே நிலைமை என்ன? நம் ஆலைகள் வெளிநாட்டுக் கழிவுத் தாளைக் கப்பல் கப்பலாக வாங்குகின்றன. அந்த நாட்டார் கழித்ததற்கு நாம் விலை கொடுக்கிறோம்; நாம் கழித்ததைக் குப்பைமேட்டிலே கொளுத்துகிறோம். இது சிக்கனமா? சிறுமையா?

இதழ் நடத்தும் பெரியோரைக் கேட்கிறோம்: மரம் வளர்ப்போம் என்று பளபளக்கும் தாளிலே தலையங்கம் தீட்டுகிறீர்களே, அந்தத் தாள் எங்கிருந்து வந்தது? மறுசுழற்சித் தாள் மங்கலாயிருக்கும், விலையும் சில வேளை கூடும் என்பீர்கள். மெய்தான், மறுக்கவில்லை. ஆனால், தரம் பிரித்த நல்ல பழந்தாள் கிடைக்காததும் அந்த விலைக்கு ஒரு காரணமல்லவா? வாங்குவோர் உறுதியாயிருந்தால்தானே சேர்ப்போர் பெருகுவர்? உள்பக்கங்களையாவது அந்தத் தாளிலே அச்சிடுங்கள். அட்டைக்கு பிளாஸ்டிக் பூச்சு வேண்டாம். விற்காத பிரதிகளை ஆலைக்கே அனுப்புங்கள்.

நகராட்சியையும் கேட்கிறோம்: தாளை நனையாமல் தனியே சேர்க்க வழி செய்யுங்கள். வெயிலிலே குனிந்து தாள் பொறுக்குகிற தோழனுக்குக் கையுறை எங்கே? காயலான் கடையிலே நேர்மையான தராசு எங்கே? ஆலைக்கு மூலப்பொருள் தருபவன் அவன். அவனைக் குப்பைக்காரன் என்று ஒதுக்குவது எந்த ஊர் நீதி?

பிறரை மட்டும் கேட்டுவிட்டு நாம் ஒதுங்குவதா? இந்த ஏடும் தாளிலேதான் அச்சாகிறது. ஆகவே, நம் படிப்பகங்களிலிருந்தே தொடங்குவோம். மூலைக்கொரு பெட்டி வையுங்கள். படித்த ஏட்டை அதிலே சேருங்கள். மாதம் ஒருமுறை எடைக்குப் போடுங்கள். வரும் காசிலே படிப்பகத்துக்குப் புத்தகம் வாங்குங்கள்.

அறுந்த இழையை முடிபோட்டு நெய்கிற ஊர் இது. இழையை வீணாக்காத ஆரணி, ஏட்டை வீணாக்கலாமா?