குழாயில் வரும் சாக்கடை

மைசூரில் ஒரு மணி நேரம் பலத்த மழை பெய்தால் போதும். அக்ரஹாரம் போன்ற பழைய பகுதிகளில் சாக்கடை எது, தெரு எது என்று தெரியாமல் போய்விடும். மழை விட்டதும் தண்ணீர் வடிகிறது. வாசலைக் கழுவிவிட்டால் கவலை தீர்ந்தது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். ஆனால் ஆபத்து அதன் பிறகுதான் ஆரம்பமாகிறது.

காவிரி நீர் பெலகொளாவிலும் ஹொங்கள்ளியிலும் சுத்தம் செய்யப்பட்டு, குளோரின் கலந்துதான் நகருக்கு வருகிறது. அங்கே குறை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கெடுவது கடைசித் தெருவில்! குடிநீர்க் குழாயும் சாக்கடையும் பல இடங்களில் அக்கம்பக்கமாகவே போகின்றன. குழாயில் தண்ணீர் ஓடும்வரை அதன் அழுத்தம் வெளி நீரை உள்ளே விடாது. தண்ணீர் நின்றதும் குழாய் வெறுமையாகிறது. விரிசல் வழியே, சுற்றித் தேங்கிய சாக்கடை நீர் உள்ளே புகுந்துவிடுகிறது. மறுபடி தண்ணீர் திறக்கும்போது முதல் குடத்தில் வருவது அதுதான். தெரு மட்டத்தில் மூடி வைத்த வீட்டுச் சம்புகளின் கதியும் இதே.

காலரா சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாட்களுக்குள் தெரிந்துவிடும். டைபாய்டு ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து வரலாம். மஞ்சள் காமாலைக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். அதற்குள் மழையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஓட்டல் சாப்பாட்டின் மீது பழி விழுகிறது.

வெள்ளம் என்றால் அதிகாரிகளுக்கு நஞ்சன்கூடுதான் நினைவுக்கு வரும். 2019 ஆகஸ்டில் கபிலை பெருகியபோது அங்கே ஓடினார்கள், ஓட வேண்டியதுதான். முழங்கால் அளவு தெருத் தண்ணீரை யாரும் வெள்ளமாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் 2024 மே மாதம் மைசூரை அடுத்த சாலுண்டி கிராமத்தில் ஆறு எதுவும் பெருகவில்லை. குடிநீர் கெட்டதால் பலர் வாந்திபேதியில் விழுந்தனர். ஓர் இளைஞர் உயிரிழந்தார். கழிவுநீர் கலந்ததே காரணம் என்று ஊரார் குமுறினர். அதன் பிறகுதான் அமைச்சர்களும் அதிகாரிகளும் வந்தனர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

பிளேக் நோய் கண்ட பாடத்தால், 1903லேயே நகர அபிவிருத்திக்கென்று தனி டிரஸ்ட் போர்டு அமைத்த ஊர் இது. வடிகாலுக்காக முன்யோசனை செய்த நகரில் இன்று புகார் மனு கொடுத்த பிறகுதான் சாக்கடை தூர் வாரப்படுகிறது.

மழைக்குப் பின் சில நாட்களுக்குக் குடிநீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். பேதி கண்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவே. பில்டர் வாங்க வசதியில்லாத குடும்பத்தை அதற்கு மேல் குறை சொல்வது நியாயமல்ல.

மீதி மாநகராட்சியின் பொறுப்பு. பலத்த மழை பெய்த மறுநாளே, பம்ப் நிலையத்தில் அல்ல, தெருக்கோடிக் குழாயில் நீரைப் பிடித்துச் சோதிக்க வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது அதில் இருக்கிறதா என்று பார்த்து, வார்டு வாரியாக முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். சாக்கடைக்குள் நனைந்து கிடக்கும் குழாய் இணைப்புகளை அடுத்த மழைக்கு முன் மாற்ற வேண்டும். இந்த வேலை எந்தத் தேதியில் ஆரம்பமாகும் என்று மாநகராட்சி கமிஷனர் சொல்வாரா?