தண்ணீரை இப்போதே அளந்து வையுங்கள்

சித்தையன்கோட்டையில் இருக்கும் என் பெரியவர்களுக்கும், அண்ணன் தம்பிகளுக்கும், அக்கா தங்கைகளுக்கும்,

 

குவைத்தின் அஹ்மதியிலிருந்து எழுதுகிறேன். எண்ணெய்க் குழாய்களில் துருப்பிடித்த இடம் பார்த்து மாற்றுவது என் வேலை. இருபது வருஷம் ஆகிவிட்டது. தங்கச்சி கல்யாணம் நடந்ததும், அத்தாவின் வயலில் மோட்டார் ரூம் எழும்பியதும் இந்தச் சம்பளத்தில்தான். அதனால் எண்ணெயே ஆகாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதைத் தோண்டி எடுக்கும் இடத்தில் மண்ணும் தண்ணீரும் என்ன பாடுபடும் என்று கிட்ட இருந்து பார்த்தவன் நான்.

போன மாதம் ஊரிலிருந்து பேசிய தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, நம்ம வயலுக்கு அடியில எண்ணெய் இருந்தா நமக்கு எவ்வளவு கிடைக்கும்?" போனில் சுருக்கமாகச் சொல்ல முடியவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதை ஊருக்கே சொல்கிறேன்.

நமக்கு அடியில் இருப்பது கெட்டிப் பாறை. எண்ணெயும் எரிவாயுவும் தேங்குவது வண்டல் படிந்து இறுகிய பாறைகளில். காவிரி டெல்டாவிலும் ராமநாதபுரம் கரையிலும் இருப்பது அந்த வகை. ஒருவேளை நம் வயலில் இருந்தாலும் அது நமக்குச் சொந்தமாகாது. அமெரிக்காவின் டெக்சாஸில் நிலத்துக்கு அடியில் உள்ள எண்ணெய் உரிமையும் கையில் இருந்தால், நிலக்காரருக்கு விற்பனையில் பங்கு உண்டு. நம் நாட்டில் எண்ணெய் எடுக்க உரிமம் தருவது அரசு. நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கான ராயல்டி மாநில அரசுக்குப் போகிறது. பட்டாக்காரருக்கு வருவது நிலத்தின் வாடகையும் பயிருக்கான இழப்பீடும்தான். லாபத்தில் பங்கு கிடையாது. தண்ணீர் கெட்டால் அந்த நஷ்டம் முழுக்க அவர் வயலில் இறங்கும்.

எப்படிக் கெடும் என்று கேட்பீர்கள். துளை போடும்போது முதலில் கடப்பது நாம் குடிக்கிற நிலத்தடி நீர் இருக்கும் அடுக்கைத்தான். அதைக் காக்க இரும்புக் குழாய் இறக்கி, சுற்றிலும் சிமெண்ட் நிரப்புவார்கள். அந்தச் சிமெண்டில் விரிசல் விட்டால் வாயுவும் உப்புநீரும் மேலே ஏறும். எண்ணெயோடு சேர்ந்து உப்புநீரும் பெரும்பாலும் வரும். கிணறு வயதாக ஆக எண்ணெய் குறைந்து உப்புநீர் கூடும். அதைத் திரும்ப ஆழத்துக்கே செலுத்தாமல் மேலே விட்டால், எண்ணெய்க் கறை போன பிறகும் உப்பு மண்ணில் நிற்கும். எந்த இரும்புக் குழாயும் ஒருநாள் அரிக்கும். என் இருபது வருஷ வேலை எனக்குச் சொன்னது அதுதான்.

1991 போரில் குவைத்தில் 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தார்கள். கடைசிக் கிணற்றை மூட நவம்பர் ஆகிவிட்டது. எண்ணெய் மணலில் ஏரிபோல் தேங்கியது. வடக்கே ரவுதத்தைன் பக்கம், இந்த நாட்டுக்கு வாய்த்த கொஞ்சநஞ்ச நன்னீர் ஊற்றிலும் எண்ணெயும், தீயணைக்க இறைத்த கடல்நீரும் இறங்கின. குவைத்திடம் பணம் இருக்கிறது. கடல்நீரைக் காய்ச்சிக் குடிக்கிறது. நம் ஊருக்குக் குடகனாறும், ஆத்தூர் காமராஜர் அணையும், நம் கிணறுகளும்தான் உண்டு.

நம் நாட்டில் போர் இல்லாமலே இது நடந்திருக்கிறது. அசாமின் பாக்ஜானில் 2020 மே 27 அன்று ஒரு எரிவாயுக் கிணறு கட்டுமீறி வெடித்தது. ஜூன் 9 அன்று தீப்பிடித்தது. முழுதாக அணைக்க நவம்பர் ஆனது. ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு முகாம்களுக்குப் போனார்கள். ஆந்திராவின் நகரம் கிராமத்தில் 2014 ஜூன் 27 அதிகாலை எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று வயலுக்குள் குழாய் கசிந்தது. கேள்வி கேட்ட ஊர்மக்கள் மேல் தடியடி நடந்தது. பத்துப் பேர் சிறைக்குப் போனார்கள். அதே வருஷம் பிப்ரவரியில் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து உட்கார்ந்தார்கள். அதற்கும் முன்னால், மன்னார்குடி மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராக நடந்த நம்மாழ்வார் ஐயா, 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில் உயிர் விட்டார். அவர் உருவாக்கிய வானகம் பண்ணை நமக்குப் பக்கத்துக் கடவூரில்தான் இருக்கிறது.

இவர்கள் போராடியதால்தான் 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களும் அதற்குள் வந்தன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அது தொடவில்லை. ராமநாதபுரத்தையோ நம் திண்டுக்கல்லையோ அது காக்காது. அதே 2020 ஜனவரியில், எண்ணெய் தேடுவதற்கான துளைகளுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வேண்டாம் என்று மத்திய அரசு விதியை மாற்றியது. ராமநாதபுரத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்கு ஓ.என்.ஜி.சி. நிறுவனத்துக்கு அனுமதி தரப்பட்டது 2025இல் வெளியே தெரிந்தது. அதைத் திரும்பப் பெறச் சொல்லி மாநில அரசே தலையிட வேண்டியிருந்தது.

'பாறை பூமிதானே, நமக்கென்ன?' என்று இருந்துவிட முடியாது. துளை வராத ஊருக்கும் குழாய் வரும். கொச்சியிலிருந்து பெங்களூருக்கு எரிவாயு கொண்டுபோக கெயில் நிறுவனம் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களின் வயல்களில் குழாய் பதிக்க வந்தது. 2013இல் மாநில அரசு தடுத்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1962ஆம் வருஷத்துச் சட்டப்படி குழாய்க்காக நிலத்தை வாங்குவதில்லை, பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுப்பார்கள். பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் போகும் பட்டையில் கிணறு வெட்டக்கூடாது, வீடு கட்டக்கூடாது, தென்னை வைக்கக்கூடாது. அந்த உரிமைக்குத் தரும் தொகை நிலத்தின் சந்தை விலையில் நூற்றுக்குப் பத்து. பயிர் சேதத்துக்குத் தனி. அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபனை தர வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் என் போன்றவர்களின் நிலத்துக்கு அறிவிப்பு வந்தால், யார் கண்ணில் படும்?

தண்ணீர் கெடுவது நமக்குப் புதிதும் இல்லை. திண்டுக்கல் பக்கம் பெரியம்மா வீட்டுக் கிணற்றில் சின்ன வயதில் நான் நீந்தியிருக்கிறேன். பின்னால் அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் போனது. குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். கெடுத்தது தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு. அந்தத் தொழில் நம் சொந்தங்கள் பலருக்குச் சோறு போட்டது, அதை மறக்கவில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் ஒரு கணக்கு இருக்கிறது: திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் பக்கம் 13 கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. கெட்ட பிறகு எடுத்த கணக்கு அது. அந்தக் கிணறுகள் முன்னால் எப்படி இருந்தன என்று எழுதி வைத்த தாள் பெரியம்மா வீட்டில் இல்லை.

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. புதுக் குழாய் பதித்த அன்றே அதன் கனத்தை அளந்து எழுதிவிடுவோம். பத்து வருஷம் கழித்து எவ்வளவு அரித்தது என்று பேச அந்த முதல் அளவு வேண்டும். கிணற்றுக்கும் அப்படித்தான். முதல் அளவு இல்லாதவர் எந்த அலுவலகத்தில் நின்று பேசினாலும், "உங்க தண்ணி முன்னாடியும் இப்படித்தான் இருந்துச்சு" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதனால் உங்களிடம் மூன்று கேட்கிறேன். ஒன்று, ஊர்ப் பொதுக் கிணறுகளிலும் வாய்க்காலை ஒட்டிய வயல் கிணறுகளிலும் தண்ணீர் எடுத்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை சோதித்து, தேதியோடு தாளை வாங்கி வையுங்கள். இரண்டு, நிலம் பற்றி எந்த நோட்டீஸ் வந்தாலும் ஒருவர் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டாம். பத்துப் பேர் கூடி, வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, 21 நாளை எண்ணிக்கொண்டு பதில் எழுதுங்கள். மூன்று, டெல்டாவிலோ ராமநாதபுரத்திலோ வயல் காக்க நிற்பவர்களை வெறும் செய்தியாகப் பார்த்துக் கடந்துவிடாதீர்கள். நமக்குச் சட்டம் தெரிவதே அவர்கள் பட்ட அடியால்தான்.

தம்பிக்கு என் பதில்: எண்ணெய் வந்தால் நமக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுவதற்கு முன், இன்று நம் கிணற்றில் என்ன இருக்கிறது என்று கணக்கு எடு. முதல் பத்துக் கிணறுகளின் சோதனைச் செலவை நான் அனுப்புகிறேன். அத்தாவின் கிணற்றை முதலாவதாக எழுதிக்கொள்.

அன்புடன்,
அஹ்மதியிலிருந்து உங்கள் ஊர்ப் பிள்ளை