நாயின் கண்ணைத் துடைக்கும் முன்



ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி வீடுகளில் துணி உலர்வதில்லை. திண்ணையில் படுத்திருக்கும் நாயின் முகமும் உலர்வதில்லை. கண்ணோரத்தில் பீளை கட்டும், ஈக்கள் மொய்க்கும். வெண்ணிறமான இராஜபாளையம் நாயாயின், மூக்கின் இருபுறமும் செந்நிறக் கோடு இறங்கியிருப்பதைக் கண்டு இரத்தமோ என்று அஞ்சுவோரும் உண்டு. கண்ணீரிலுள்ள போர்பைரின் என்னும் நிறப்பொருள் மயிரில் படிவதாலேயே அக்கறை உண்டாகிறது. 2005-இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த இனத்தைக் கறை படிந்த முகத்தோடு விட்டுவைக்க யாருக்குத்தான் மனம் வரும்?

இதற்கென்றே 'வைப்ஸ்' எனப்படும் ஈரத்துணிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. உறையிலுள்ள அழகிய படத்தில் மயங்காமல், கலந்துள்ள பொருள்களின் பட்டியலைப் படியுங்கள். ஆல்கஹாலும் வாசனைப் பொருளும் இல்லாததாய், கண்ணுக்குரியது என்று தெளிவாகக் குறித்திருப்பதாய் இருக்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் சேர்ந்தவை தோலுக்கும் பாதத்துக்கும் உரியவை. கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். கைக்குழந்தைக்கு வாங்கிய ஈரத்துணியும் வேண்டாம். அதில் வாசனையும் சோப்புப் பொருளும் கலந்திருப்பதுண்டு.

உள்ளதைச் சொன்னால், மருந்துக்கடை 'நார்மல் சலைன்' நீரும் மெல்லிய காஸ் துணியுமே போதும். கொதித்து ஆறிய நீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பிட்டு வீட்டிலேயே செய்துகொள்ளலாம்; அன்றன்றைக்குச் செய்து, மீந்ததைக் கொட்டிவிடுங்கள். பஞ்சின் இழை கண்ணில் ஒட்டும். ஆதலால் துணியே நல்லது. காய்ந்த பீளையைச் சுரண்டாமல், நனைத்த துணியைச் சற்றுநேரம் வைத்து ஊறவிட்டு, மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாகத் துடையுங்கள். ஒரு கண்ணுக்கு வைத்த துணியை மறு கண்ணுக்கு வைக்கலாகாது. பிறகு உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். முகம் சப்பையான பக் போன்ற இனங்களுக்கு இது நாள்தோறும் வேண்டும். நீள்முகச் சிப்பிப்பாறைக்கு அவ்வளவு தேவையில்லை.

இவ்வளவும் அறிந்திருந்தும் எங்கள் வீட்டில் ஒரு பிழை நேர்ந்தது. ஐந்தருவிப் பக்கத்துத் தோப்பில் ஓடித் திரிந்துவந்த எங்கள் நாய் இடக்கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தது. வழக்கமான பீளைதான் என்றெண்ணி மூன்று நாள் துடைத்தோம். மாமியாரின் கண் அறுவைக்குப் பின் எஞ்சியிருந்த சொட்டு மருந்தையும் விட்டோம். நான்காம் நாள் மருத்துவர் இமையைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே புல்விதை ஒன்று குத்திக்கொண்டிருந்தது, கருவிழியிலே புண். நாங்கள் விட்டதோ டெக்சாமெத்தசோன் கலந்த மருந்து. அவ்வகை மருந்து கருவிழிப் புண்ணை ஆறவிடாமல் ஆழமாக்கும் என்பதை அன்றுதான் அறிந்தோம். அக்கண்ணில் பார்வை திரும்பவில்லை. இன்றும் எங்கள் நாய் இடப்புறச் சுவரை உரசிக்கொண்டுதான் படியிறங்குகிறது.

தோபித்து நூலில் தோபியாவோடு வழிநடந்த நாயும் உண்டு, தந்தையின் கண்ணைத் தெளிவித்த மீன்பித்தமும் உண்டு. அதற்காக விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று நாம் கைவைத்தியத்தில் இறங்க வேண்டியதில்லை. ஒரு கண் மட்டும் வடிந்தாலோ, நாய் கண்ணைத் திறவாமல் இருந்தாலோ, விழி சிவந்தோ மங்கியோ தோன்றினாலோ, பீளை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலோ, துடைப்பதை நிறுத்தி அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளது. முன்பே ஏதேனும் மருந்து விட்டிருந்தால், வெட்கப்படாமல் அந்தக் குப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.